நாற்பத்தொரு தேங்காய் பன்

சோதனை தோற்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு நான்கு வரியில் ஒரு பதில் இருக்கிறது மேடம். சோதனையில் ஒரு சரிபார்ப்பு தோற்றால் அதைக் குறித்துவைப்பேன், திரையைப் படம் எடுத்து இணைப்பேன், இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பேன், மென்பொருளை எழுதியவருக்குத் தெரிவிப்பேன். போன மாதம் இரண்டு கம்பெனிகளில் இதைத்தான் சொன்னேன். இரண்டு இடத்திலும் தலையாட்டினார்கள். இரண்டு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. அதனால் இங்கே முழுப் பதிலையும் சொல்லிவிடலாம் என்று வந்தேன். கொஞ்சம் நேரம் ஆகும். பரவாயில்லையா? நன்றி மேடம். தண்ணீர் வேண்டாம், கொண்டுவந்திருக்கிறேன்.

பெயர் உங்கள் கையிலிருக்கும் தாளிலேயே இருக்கிறது, கோகிலவாணி. ஊர் பள்ளிபாளையம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை எல்லா இன்டர்வியூவிலும் மறக்காமல் சொல்லச் சொல்லி காலேஜில் பிளேஸ்மென்ட் சார் சொல்லியிருக்கிறார். சொன்னால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

கோவையில், பீளமேட்டில், மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். குழுவில் எட்டுப் பேர். குழந்தை டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு ஒரு மென்பொருள் செய்தோம். குழந்தை பிறந்த தேதியைப் போட்டுவிட்டால் போதும், அடுத்தடுத்த தடுப்பூசி எந்தெந்த நாளில் என்று அதுவே கணக்குப் போட்டு, இரண்டு நாள் முன்னாலேயே அம்மாவின் போனுக்கு மெசேஜ் அனுப்பிவிடும். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதுவது என் வேலை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். தினமும் காலை ஆறு மணிக்குத் தானாகவே ஓடும். நாங்கள் ஒன்பதரைக்கு வரும்போது சுவரில் இருக்கும் டிவியில் முடிவு தெரியும். எல்லாம் சரி என்றால் பச்சை, ஏதாவது தோற்றிருந்தால் சிவப்பு.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சிவப்பு யாரால் வந்ததோ அவர் கீழே பேக்கரிக்குப் போய் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வர வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. இதில் கோபமெல்லாம் இல்லை. சிவப்பைப் பார்த்ததும் யாராவது "இன்னிக்குப் பன் யாரு?" என்பார்கள், அவ்வளவுதான். பேக்கரி வைத்திருந்த பழனிச்சாமி அண்ணனுக்கே தன் வீட்டுப் பிரச்சினை மாதிரி எல்லாம் தெரியும். எட்டுப் பன் கேட்டால், "யாரு, ஜாபர் தம்பியா?" என்று கேட்டுக்கொண்டே கட்டுவார்.

பெரும்பாலும் ஜாபர்தான். தேதிக் கணக்கு முழுக்க அவன் எழுதியது. நன்றாக எழுதுவான். ஆனால் முன்பெல்லாம் எங்கள் சோதனை முதல் தப்பிலேயே நின்றுவிடும் மேடம். ஒரு சோதனைக்குள் முப்பது நாற்பது சரிபார்ப்பு இருக்கும், பெயர் சரியா, பிறந்த தேதி சரியா, அடுத்த ஊசி சரியா என்று வரிசையாக. மூன்றாவது தோற்றால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. மீதி என்ன ஆயிற்று என்று தெரியாது. ஜாபர் மூன்றாவதைச் சரிசெய்வான். மறுநாள் ஐந்தாவது தோற்கும். அதைச் சரிசெய்தால் அதற்கு மறுநாள் பதினொன்றாவது. ஒரே சோதனைக்காக நான்கு நாள் தொடர்ந்து பன் வாங்கினான். நான்காம் நாள் பையை என் மேஜையில் வைத்துவிட்டு, "கோகி, என் தப்பு எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லித் தொலை. ஒரே பன்னோட போகட்டும்" என்றான்.

எங்கள் லீட் இம்மானுவேல் அண்ணாவும் அதையே சொன்னார். தோற்றாலும் நிற்க வேண்டாம், குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகட்டும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லட்டும். விடைத்தாள் திருத்துவது மாதிரிதான். முதல் தப்பிலேயே தாளைத் தூக்கி எறிய மாட்டோம் இல்லையா, தப்பையெல்லாம் சுழித்துக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தம் போடுவோம். அதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வரி.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எதையும் கையால் எழுதித்தான் கற்றுக்கொள்வேன். காலேஜில் நான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என் முறை வரும்வரை நோட்டில் எழுதி வைத்திருந்து, வந்ததும் அதைப் பார்த்து அடிப்பேன். வேலைக்கு வந்து எனக்கென்று ஒரு லேப்டாப் கொடுத்த பிறகும் பழக்கம் போகவில்லை. அன்றும் அந்தப் பன்னிரண்டு வரியை லாங் சைஸ் நோட்டில் எழுதிக்கொண்டேன். பாதிப் பக்கத்தில் ஆரம்பித்ததால் பதினொரு வரியோடு பக்கம் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது வரி பக்கத்தைத் திருப்பினால் மேலே. ஃபேன் காற்றில் பக்கம் புரளக் கூடாது என்று க்ளிப் போட்டு நோட்டை மேஜையில் விரித்துவைத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து, ஒன்பது நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளையும் மாற்றினேன். க்ளிப் போட்டிருந்ததால் பக்கம் புரளவே இல்லை.

அந்தப் பன்னிரண்டாவது வரிதான் மேடம், குறித்துவைத்ததையெல்லாம் இப்போது சொல் என்கிற வரி. அது இல்லாவிட்டால் சோதனை தப்பையெல்லாம் ஒழுங்காகக் குறித்துக்கொள்ளும். யாரிடமும் சொல்லாது. சொல்லாததால் எல்லாம் சரி என்று டிவி எடுத்துக்கொள்ளும்.

டிசம்பர் மூன்றாம் தேதி டிவி முழுக்கப் பச்சையானது. அதற்கு முந்தின நாள் மூன்று சிவப்பு இருந்தது. தான் முந்தின நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் சரிசெய்ததாக ஜாபர் சொன்னான். மூன்றில் ஒன்றைத்தான் சரிசெய்திருந்தான் என்று பின்னால் தெரிந்தது. அவனுக்கே அப்போது தெரியாது. மறுநாளும் பச்சை. அந்த வாரமும். அந்த மாதமும். ஜனவரியில் எனக்கு 'காலாண்டின் நட்சத்திரம்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா அதை லேமினேஷன் செய்து டிவிக்கு மேலே மாட்டினார். எங்கள் வீட்டு டிவியைச் சொல்கிறேன்.

நான் சந்தேகப்படவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை மேடம். நான் பயந்த சுபாவம். கேஸ் அணைத்தேனா என்று மூன்று தடவை பார்ப்பேன், வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பச்சையாக இருப்பதை மட்டும் ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தால் பயம் வேலை செய்யாது போலிருக்கிறது.

மார்ச் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, டீ குடிக்கக் கீழே போனேன். பழனிச்சாமி அண்ணன் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, இப்பெல்லாம் உங்க ஆபீசுல யாருமே தப்புப் பண்றதில்லீங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் எட்டுப் பன் வாங்கியதோடு சரி என்றார். தன் பன்னில் ஏதாவது குறையா, வேறு கடை பார்த்துவிட்டோமா என்று அவருக்குக் கவலை. நிஜமாகவே வருத்தமாகத்தான் கேட்டார். குறை ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். படியில் எண்ணிப் பார்த்தேன். அறுபத்தெட்டு வேலை நாள். எட்டுப் பேர். அதில் ஜாபரும் ஒருவன்.

என் இடத்தில் உட்கார்ந்து ஒரு சோதனையைத் திறந்தேன். அதில் ஒரு சரிபார்ப்பு, குழந்தையின் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று. பெயரை அழித்துவிட்டு, குழந்தையின் பெயர் 'தேங்காய் பன்' என்று இருக்கிறதா என்று கேட்டேன். ஓட்டினேன்.

பச்சை.

நோட்டை எடுத்து க்ளிப்பைக் கழற்றிப் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்திலேயே அந்த வரி அங்கே இருந்தது. அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருந்தேன், முக்கியம் என்று.

விட்டுப்போன வரியைச் சேர்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் மிஷினில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு சிவப்பு. அதில் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயம், எழுத்து தள்ளி வருகிறது, பட்டன் பெயர் மாறியிருக்கிறது, இப்படி. ஒன்று அப்படி இல்லை. பொங்கல் முடிந்து வந்த வாரம் ஜாபர் தேதிக் கணக்கை மாற்றி எழுதியிருந்தான். பிறந்த தேதி முப்பது என்றால் ஒன்பதாம் மாத ஊசியும் முப்பதாம் தேதி. பிப்ரவரியில் முப்பதாம் தேதி கிடையாது. இல்லாத நாளுக்கு இரண்டு நாள் முன்னால் என்றால் அதுவும் இல்லாத நாள்தான் என்று மென்பொருள் சும்மா இருந்துவிட்டது. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று தேதிகளில் பிறந்து, பிப்ரவரிக் கடைசியில் ஊசி போட வேண்டிய குழந்தைகள் ஒன்பது கிளினிக்குகளில் அறுபத்துமூன்று பேர். ஒருவர் வீட்டுக்கும் மெசேஜ் போகவில்லை. அப்போதே இரண்டு வாரம் தாண்டியிருந்தது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் மேடம். நான் நீட்டுகிறேனோ? சரி, சுருக்கமாகவே சொல்கிறேன்.

இம்மானுவேல் அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர். முழுக்கக் கேட்டார், கத்தவில்லை. மெசேஜ் போகாத விஷயத்தைச் சொல்லாமல், ஜாபரிடம் பொதுவாகச் சொல்லித் தேதிக் கணக்கை அன்றைக்கே சரிசெய்ய வைத்தார். இனி பிறக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் வருகிறது. அது வரை டிவி பச்சையாகவே இருக்கட்டும். அடுத்த வாரத்திலிருந்து அந்த வரியைத் தினமும் நாலைந்து சோதனைகளில் சேர்த்துக்கொண்டே போனால் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வரும், கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

"அந்த அறுபத்துமூணு பேருண்ணா?" என்றேன்.

"கிளினிக்ல கார்டு குடுத்திருப்பாங்கம்மா. அதுல பேனாவுல தேதி எழுதியிருப்பாங்க. முக்காவாசிப் பேர் வந்திருப்பாங்க."

"மீதிக் கால்வாசி?"

"கிளினிக்குக்குப் போன் பண்ணா ஏன்னு கேப்பாங்க கோகிலா. ஏன்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க" என்றார்.

அது சரிதான் மேடம். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

புதன்கிழமை நான் எதுவும் செய்யவில்லை. இதை விட்டுவிட்டுச் சொன்னால் கதை நன்றாக இருக்கும், ஆனால் புதன்கிழமை என்று ஒரு நாள் இருந்தது. ஒன்பதரைக்கு வந்தேன், டிவி பச்சையாக இருந்தது, வேலை பார்த்தேன். மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்து, சும்மா, ஆபீசில் ஒரு தப்பு நடந்துவிட்டது, நான் செய்தது என்று மட்டும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான். "சர்டிபிகேட்டத் திருப்பிக் கேப்பாங்களா? லேமினேசன் பண்ணிட்டமே."

சாயங்காலம் அந்த அறுபத்துமூன்று பேரின் பட்டியலைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. சோதனையில் நாங்கள் போடும் குழந்தைகளுக்கெல்லாம் நல்ல நல்ல பெயர் வைத்திருப்போம். நிஜப் பட்டியலில் பாதிக் குழந்தைகளுக்குப் பெயரே இல்லை. 'பேபி ஆஃப் சரண்யா', 'பேபி ஆஃப் மேகலா' என்றுதான் இருந்தது. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எழுதியது. வீட்டில் பெயர் வைத்து எட்டு மாதம் ஆகியிருக்கும், கிளினிக்கில் யாரும் மாற்றவில்லை. தேங்காய் பன் என்று போட்டாலும் பச்சை காட்டிய சோதனை நினைவுக்கு வந்தது. பட்டியலை மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பேக்கரிக்குப் போனேன். நாற்பத்தொரு தேங்காய் பன் கேட்டேன். பழனிச்சாமி அண்ணன் கை அப்படியே நின்றது.

"யாரு தப்புங்கம்மிணி?"

"என்னுதுங்கண்ணா."

உள்ளேயிருந்து இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார். மூன்று பையில் கட்டிக்கொடுத்தார்.

டிவிக்குக் கீழே இருக்கும் மேஜையில் மூன்று பையையும் வைத்துவிட்டு நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். டிவியைப் பார்ப்பார்கள், பச்சை. பையைப் பார்ப்பார்கள். மறுபடி டிவியைப் பார்ப்பார்கள். ஜாபர்தான் வாயைத் திறந்தான்.

"பச்சைக்கு யாருடி பன் வாங்குனது?"

"நாந்தான்."

"கல்யாணமா?"

இல்லை என்றேன். பிறகு சொன்னேன். நோட்டு, க்ளிப், பன்னிரண்டாவது வரி, அறுபத்தெட்டு நாள், நாற்பத்தொன்று. எழுதி வைத்துப் படித்தேன் மேடம், இல்லாவிட்டால் ஏதாவது விட்டுப்போகும். பக்கத்தின் இரண்டு புறமும் படித்தேன். பன்னை யாரும் தொடவில்லை.

அப்புறம் ஜாபர் கேட்டான், "இதுல என்னுது எத்தனை?"

"ஆறு."

ஆறு பன்னை எண்ணி எடுத்துத் தன் மேஜையில் வரிசையாக வைத்தான். கடைசிப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் பட்டன், கிட்டன்தானே?" என்றான். ஒன்று மட்டும் பிப்ரவரி முப்பது, அறுபத்துமூன்று குழந்தைகளுக்கு மெசேஜ் போகவில்லை என்றேன். அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அவன் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களும் வந்து தங்கள் எண்ணிக்கையைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். என்னுடையது ஒன்று மிஞ்சியது. எண்ணிக்கைப்படி சரி.

இம்மானுவேல் அண்ணா பத்து மணிக்கு வந்தார். எல்லோர் மேஜையிலும் பன்னைப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மேல் கடும் கோபம் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, "கிளினிக் நம்பரெல்லாம் எடும்மா" என்றார். முதல் போனை அவரே செய்தார். என் பெயரைச் சொல்லவில்லை, எங்கள் தப்பு என்றுதான் சொன்னார். அவர் அவசரத்தில் அப்படிச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, இரண்டாவது போனில் நானே பேசி என் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. அறுபத்துமூன்றில் ஐம்பத்திரண்டு பேர் கார்டைப் பார்த்துத் தாங்களே வந்து போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். பதினொரு பேர் வரவில்லை. மெசேஜ் வரும் என்று காத்திருந்தார்களாம். ஒரு அம்மா நர்ஸிடம், மெசேஜ் வராவிட்டால் ஊசி இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். அந்த வாரத்துக்குள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ஒரு நம்பர் மட்டும் எடுக்கவில்லை. கோபிசெட்டிபாளையம் கிளினிக், பேபி ஆஃப் மேகலா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து முகவரிக்கே போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டு திருப்பூர் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அங்கே வேறு கிளினிக்கில் போட்டிருக்கலாம், கவர்மென்ட் நர்ஸ் வீட்டுக்கே வந்து போட்டிருக்கலாம். எல்லாம் இருக்கலாம். திங்கட்கிழமை தோறும் அந்த நம்பருக்குப் போன் செய்வேன். இன்றும் திங்கட்கிழமை. உள்ளே வருவதற்கு முன்னால் செய்தேன். அணைத்துத்தான் இருக்கிறது.

வேலை போகவில்லை மேடம், யாரையும் குறை சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு. ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆறு மாதம். இரண்டாவது கடிதத்தில் காரணம் போட்டிருந்தார்கள், என் பொறுப்பில் இருந்த சோதனைகளின் பச்சை விகிதம் நூறிலிருந்து எண்பத்தேழாகக் குறைந்துவிட்டது என்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது. பன் வழக்கத்தையும் எடுத்துவிட்டார்கள், சிவப்பு வந்தால் இப்போது மெயில் போகிறது. பழனிச்சாமி அண்ணனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஜாபருக்குப் பெண் குழந்தை. மே முப்பதாம் தேதி பிறந்தது. ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்று மெசேஜ் போட்டான். இருபத்தொன்பதும் ஆகாது என்று பதில் போட்டேன்.

சான்றிதழை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது என் பயோடேட்டாவில் இல்லை. போட்டால் சட்டென்று வேலை கிடைக்கும் என்று ஜாபர் சொன்னான். போடவில்லை.

ஆகவே தோற்றால் என்ன செய்வேன் என்று கேட்டால், அது சுலபம் மேடம், தோற்றதுதான் தானே வந்து சொல்கிறதே. தோற்காமலே இருந்தால் என்ன செய்வேன் என்றுதான் நான் இப்போது யோசிக்கிறேன். எந்தச் சோதனையை எழுதினாலும் முதலில் அதை ஒரு முறை தோற்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். என் பதில் இவ்வளவுதான். நீளம்தான், தெரியும். லேப்டாப்பை மூடிவிட்டீர்கள், அதுவும் தெரியும். பரவாயில்லை மேடம், முழுக்கக் கேட்டீர்களே.

கேள்வியா? என்னிடம் கேள்வி இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்? எல்லா இடத்திலும் கடைசியில் இதைக் கேட்பார்கள், கம்பெனியின் எதிர்காலத் திட்டம் என்ன என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்று பிளேஸ்மென்ட் சார் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வேறு ஒன்று இருக்கிறது. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே? வெளியே வரவேற்பறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எதிரே பெரிய திரை. முழுக்கப் பச்சை. அதன் அடியில் 'ஒரு தோல்வியும் இல்லாத நாட்கள்: 218' என்று போட்டிருந்தது. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொண்டுபோகும் வண்டிகளுக்கு மென்பொருள் செய்கிறீர்கள் என்று இணையத்தில் படித்தேன். கடைசியாக எப்போது சிவப்பு வந்தது மேடம்? வந்தபோது யாராவது பார்த்தார்களா?

யாருக்குப் போன் செய்கிறீர்கள்? நான் வெளியே போகட்டுமா? உட்காரவா? சரி மேடம்.

அவர்களிடம் ஒரு சரிபார்ப்பைத் திறந்து ஏதாவது ஒரு பொய்ப் பெயரைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், போதும். என்ன பெயரா? எதுவானாலும் சரி. தேங்காய் பன் என்றே போடச் சொல்லுங்கள். நான் இருக்கிறேன்.